தராசில் ஏறிய பன்னிரண்டு கிண்ணங்கள்

"குவாங்ஜு ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டேன், அந்த ஸ்கேன் குழாய்க்குள்ளயும் படுக்கமாட்டேன்! கடல்பாசி அறுக்க ஆளு சொல்லியாச்சு—"

"பாசி எங்கேயும் ஓடிப்போகாது. முதல்ல நான் சொல்றதைக் கொஞ்சம்—"

"—படகைத் தம்பி பேருக்கு எழுதிடறேன். அவன் பார்த்துக்குவான்!"

"எதுக்கு எழுதணும்? இப்போ என்ன, செத்தா போயிட்டீங்க?"

"லெட்டரை நீயும்தானே படிச்சே, மியோங்சு அம்மா? எனக்கு வயசு அறுபத்திமூணு. உள்ளே இருக்கிற செல்லெல்லாம் என்னை முந்திக்கிட்டு கிழடு தட்டிப்போச்சாம்!"

சுன்னிமைக் கணவர் தொக்மான் பிள்ளை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைத் தொட்டிக்குள் எறிந்தாள். நான்கு நாளாக இதே பாட்டு. ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

எல்லாம் அந்தக் கடிதத்தால் வந்த வினை. தீவில் நாற்பது வீடுகளில் பல்கலைக்கழகத்து ஆட்கள் ஆராய்ச்சி நடத்தியிருந்தார்கள். தின்பதில் என்னென்ன தாதுச்சத்து இருக்கிறது, உடம்பின் செல்கள் எவ்வளவு மூப்படைந்திருக்கின்றன, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க. வீட்டுக்கு ஒரு சின்னத் தராசும் ஒரு நோட்டும் கொடுத்தார்கள். மூன்று நாள் சாப்பிடுவதை எல்லாம் எடைபோட்டு எழுத வேண்டும். பிறகு ரத்தம் எடுத்தார்கள்.

தொக்மானின் ரத்தத்தில் அழற்சி அதிகம். குரோமோசோம் நுனிகள் வயதுக்கு மீறித் தேய்ந்திருக்கின்றன. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 'உங்கள் உணவில் மக்னீசியம், துத்தநாகம் எல்லாம் நிறைவாக இருக்கின்றன. உப்பும் அளவுதான். ஆகவே வேறு காரணம் உண்டா என்று பெரிய மருத்துவமனையில் பார்ப்பது நல்லது' என்றும் எழுதியிருந்தார்கள். அந்த 'வேறு காரண'த்தை மனுஷன் புற்றுநோய் என்றே படித்துவிட்டார்.

நிறைவான உணவாம்! சுன்னிமுக்குத் தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த நோட்டை எழுதியவள் அவள்தான்.

வெளியூர்க்காரர்கள் படிக்கப்போகிற நோட்டில் 'சோறு, சாறு, உப்பில் ஊறிய நெத்திலி' என்று எந்தப் பெண்பிள்ளை எழுதுவாள்? அதுவும் மாதர் சங்கத் தலைவி! மூன்று நாளும் விருந்து வைத்தாள். கீரை, எள் தூவிய பாசி, சிப்பி, பயறு முளை என்று பன்னிரண்டு கிண்ணம். ஒவ்வொன்றையும் தராசில் ஏற்றி, பாதியை அவர் பேரிலும் பாதியைத் தன் பேரிலும் எழுதினாள். அவர் வாய்க்குள் போனது எது என்று தராசுக்குத் தெரியுமா? மற்ற வீட்டுப் பெண்களுக்கு நோட்டு எழுதச் சொல்லிக்கொடுத்த சங்கக் கூட்டத்திலும் நீட்டி முழக்கியிருந்தாள்: "நம்ம ஊர் மானம் அந்த நோட்டுல இருக்கு, பார்த்துச் சமைங்கடி."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆராய்ச்சிக் குழுவின் உணவியல் நிபுணர், செல்வி ஹ்வாங். மருத்துவமனைப் படிவத்தில், கையெழுத்துக்குப் பதிலாக வைக்கிற தொக்மானின் பெயர் முத்திரையை வாங்க வந்திருந்தாள்.

"வாங்க, வாங்க. ஒண்ணுமே சமைக்கலை. இருக்கிறதைச் சாப்பிடுங்க" என்றபடி சுன்னிம் ஒன்பது கிண்ணங்களைப் பரப்பினாள். கை தானாகச் செய்தது.

தொக்மான் சோற்றைச் சாற்றில் கவிழ்த்தார். உப்பில் ஊறிய நெத்திலியை அள்ளிப் போட்டார். நாலு வாயில் கிண்ணம் காலி.

"கீரை எடுத்துக்கலையா ஐயா?"

"அது விருந்தாளிக்கு அம்மணி."

ஹ்வாங்கின் சாப்பாட்டுக் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. சுன்னிம் சட்டென்று தண்ணீர் எடுக்க எழுந்தாள்.

திரும்பி வந்தபோது, போகவே மாட்டேன் என்று கத்திய மனிதர் முத்திரையை மையில் தோய்த்துக்கொண்டிருந்தார். "எதுவா இருந்தாலும் தெரிஞ்சுக்கறதே மேல்" என்று முனகினார். புயலில் சுக்கான் பிடித்த கை, ஒரு சிறு வட்டத்தின் மேல் முத்திரையை இறக்க முடியாமல் இரண்டு தடவை விலகிப் போனது.

சுன்னிம் அதைப் பிடுங்கினாள்.

"போதும்! இந்த ஆளு கீரையைக் கண்ணால பார்த்ததோட சரி. காலையில துறையில நூடுல்ஸ், அதோட சாறையும் கடைசிச் சொட்டு வரைக்கும். ராத்திரி சாராயம், நெத்திலி ஊறல். முப்பத்தஞ்சு வருஷமா நானும் கத்தறேன், சுவரோட பேசற மாதிரி! அந்த நோட்டுல இருக்கிறதெல்லாம் நான் வெச்சது. இவர் தின்னது இல்ல!"

தொக்மான் ஹ்வாங் பக்கம் திரும்பினார். "அப்போ... எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"அப்படியும் சொல்ல முடியாது ஐயா" என்றாள் ஹ்வாங். "ரத்தம் பொய் சொல்லல. உப்பு கூடி, மக்னீசியம் குறைஞ்ச உடம்புல அழற்சி கூடுதான்னுதான் நாங்க தேடிக்கிட்டிருக்கோம். சாப்பாடுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். எதுக்கும் உள்ளூர் டாக்டரை ஒரு தடவை பாருங்க. ஆனா நோட்டே பொய்னா நான் எதை வெச்சுப் பார்க்கிறது?"

"நாலு நாள் தூக்கம் போச்சேடி!" தொக்மான் மேசையில் அறைந்தார். கிண்ணங்கள் குதித்தன. "படகையே எழுதி வைக்க இருந்தேன்! ஊர் மானமாம், மானம்!"

"கீரையைத் தின்னிருந்தா நோட்டு நிஜமாகியிருக்கும்ல!"

"தின்னச் சொன்னியா? விருந்தாளிக்குன்னு என் கையைத் தட்டிவிட்டவ யாரு?"

ஹ்வாங் பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து விரித்தாள். நாற்பது வீட்டுப் பெயர்கள். விரலை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினாள்.

"தலைவியம்மா, மத்த முப்பத்தொன்பது வீட்டுக்கும் நோட்டு எழுதச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே?"