பதினான்காம் ஆணி

சுரங்க வாயிலில் இருக்கும் பலகையில் பதினான்காம் ஆணி ஆறு வருடமாக வெறுமனே இருக்கிறது. அது எர்சீலியாவின் கணவன் எலெயூத்தேரியோவின் ஆணி.

உள்ளே போகிறவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் தன் கையாலேயே எடுக்க வேண்டும். பலகை காலியானால் சுரங்கம் காலி. அதன் பிறகுதான் வெடி.

அன்றைக்கு எலெயூத்தேரியோ உள்ளேயிருந்து வரக் கொஞ்சம் பிந்தினான். மச்சான் வரிசையில் நின்று பஸ்ஸைத் தவறவிட வேண்டாமே என்று எர்சீலியாவின் தம்பி நஸாரியோ இரண்டு வில்லைகளையும் சேர்த்து எடுத்துவிட்டான். மேஸ்திரி பலகையைப் பார்த்தார், வெடிக்கச் சொன்னார். அந்த மேஸ்திரி தங்கமான மனிதர். யாரையும் ஒரு சொல் கடிந்தவரில்லை. அடக்கத்தின்போது எர்சீலியாவைவிட அதிகமாக அழுதவர் அவர்தான். அவரை வெறுக்கக்கூட அவளால் முடியவில்லை.

இப்போது அந்த மேஸ்திரியின் இடத்தில் எர்சீலியா இருக்கிறாள். அவளுக்குக் கீழே ஆறு பேர்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணி. பலகை காலி. வெடிப் பெட்டியின் சாவியில் கை வைத்தவள், பழக்கத்தில் முகங்களை எண்ணினாள். ஐந்து.

"சபினோ எங்கே?"

வால்தெர் மூடியிருந்த கையை மெல்ல விரித்தான். உள்ளே இரண்டு வில்லைகள்.

பன்னிரண்டு நிமிடம் கழித்து, மறந்து வைத்த ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சபினோ வந்தான். "என்னய்யா, எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, வேலைக்கு இறங்குமுன் வழக்கம்போல் எல்லோரும் மரக்கட்டைகளில் உட்கார்ந்து, களைப்புத் தெரியாமலிருக்கக் கோக்கா இலை மென்றார்கள். எர்சீலியா மடியில் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கைத் தாள் இருந்தது. வால்தெர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சுரங்கத்தில் அவனைப் போல வெடி வைக்கப் பாறையில் துளை போட ஆளில்லை.

"அக்கா, செத்திருந்தா நான்தானே செத்திருப்பேன்?" என்றான் சபினோ. "நானே மன்னிச்சுட்டேன். நீங்க எதுக்கு எழுதறீங்க?"

"எலெயூத்தேரியோவும் மன்னிச்சிருப்பான். கேக்கத்தான் ஆளில்ல."

அவர்களில் மூத்தவன் கிரிசோலோகோ இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். "எழுதுங்க தாயி. ஆனா ஒண்ணு. இனிமே எவனும் உங்ககிட்ட எதையும் காட்ட மாட்டான். கைய விரிச்சுக் காட்டினவனுக்கே இந்தக் கதின்னா?"

அது அவளைக் குத்தியது. அவன் சொன்னது நிஜம். வால்தெர் கையை மூடியே வைத்திருக்கலாம். விரித்தான்.

நெடுநேரம் எழுதினாள். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டினாள். வால்தெர் செய்தது அப்படியே இருந்தது. கேட்டதும் ஒளிக்காமல் காட்டினான் என்பதும் இருந்தது. அதற்கு மேலே, முதல் வரியில் இப்படி இருந்தது: 'நான்கு வாரத்துக்கு முன் வால்தெர் இரண்டு வில்லைகள் எடுத்ததை நான் பார்த்தேன். அன்று நன்றாகத் துளை போட்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் கேலி பேசிவிட்டு விட்டுவிட்டேன்.'

"அந்த வரிய அடிச்சுடுங்கக்கா," என்றான் வால்தெர். அன்று அவன் பேசிய முதல் பேச்சு. "உங்க வேலை போயிரும்."

"போனா போகட்டும். நடந்தது நடந்ததுதானே."

அவளுக்குப் பத்து நாள், வால்தெருக்குப் பதினைந்து நாள் பணி இடைநீக்கம் என்று மேலிடத்திலிருந்து தாள் வந்தது. பத்து நாள் கழித்து அவள் திரும்பியபோது, வால்தெர் கடற்கரைப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குப் போகப்போகிறான் என்று காதில் விழுந்தது. ஞாயிறன்று அவன் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். மூலையில் கட்டி வைத்த மூட்டை இருந்தது.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வர்றது?" என்றான்.

"இதே மூஞ்சிதான். வேற ஒண்ணு வாங்கி வச்சிருக்கியா?"

அடுப்பருகே அவன் மனைவி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழுதினதுக்கு மன்னிப்புக் கேக்க வரல, வால்தெர். வேலைக்குக் கூப்பிட வந்தேன். அந்த மூணாவது முகப்புல பாறையத் தொளைக்கப் போய் கிரிசோலோகோ ரெண்டு துளைக்கம்பிய ஒடச்சுட்டான்."

"தூக்கத்துலயும் அந்த வில்லை கைல இருக்குக்கா."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நஸாரியோவ அன்னிக்கு யாரும் ஒரு வார்த்தை கேக்கல. திட்டல, தேத்தவும் இல்ல. நானும்தான். மூணாம் நாள் மூட்டை கட்டினான். இன்னைக்கு வரைக்கும் எங்க இருக்கான்னு தெரியாது. ஒரே வாரத்துல ரெண்டு பேரப் பறிகொடுத்தவ நான். நீ போகாத."

அவள் சூப்பைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினாள்.

பதினாறாம் நாள் காலையில் வால்தெர் கட்டையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். கிரிசோலோகோ அவனைப் பார்க்காமலேயே இலைப் பையை அவன் பக்கம் தள்ளினான்.

மாலை நான்கு மணிக்கு வெளியே ஆலங்கட்டி மழை. பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. பலகையில் ஒரே ஒரு வில்லை மிச்சம் தொங்கியது, சபினோவுடையது. வால்தெர் அதற்கு நேரே நின்றான். தன் வில்லையை ஏற்கெனவே எடுத்திருந்தவன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். மூன்றாவது ஹாரன். ஒருவரும் நகரவில்லை.

சபினோ நிதானமாக வந்தான், எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான், தன் வில்லையை எடுத்தான்.

எர்சீலியா முகங்களை எண்ணினாள். பலகையைப் பார்த்தாள். மறுபடி முகங்களை எண்ணினாள். ஆறு. சாவியைத் திருப்பினாள்.