மூன்றாவது குறடு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பச்சையம்மா சொந்தமாகக் கொல்லுலை மூட்டப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் வெள்ளத்துரை அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை தெறித்துச் சட்டையெல்லாம் சிவப்பாகிவிட்டது. சிரிக்கட்டும். சட்டையை அவர் வீட்டில் தோய்த்துக்கொள்வார்கள்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். துறைமுகத்துச் சரக்கை இழுக்கிற கைவண்டிகளில் முக்கால்வாசி அவருடையவை. நாள் வாடகைக்கு விடுவார். சக்கரங்களுக்கு இரும்புப் பட்டா கட்ட அவர் கொட்டகையிலேயே ஓர் உலையும் இருந்தது. பச்சையம்மா அங்கேதான் சம்மட்டி அடித்தாள். யுத்த காலத்தில் குண்டு விழப் போகிறதென்று பட்டணமே ஓடியபோது அவள் புருஷனும் ஓடினான். பட்டணம் திரும்பி வந்தது, அந்த மகராசன் வரவில்லை. அவன் விட்டுப்போன சம்மட்டியை இவள் தூக்கினாள். வருஷக்கணக்காக அடித்தாள். கிழட்டு மேஸ்திரி வேலையை விட்டதும் அந்த இடம் தனக்குத்தான் என்று நம்பியும் இருந்தாள். அண்ணாச்சியோ தன் மைத்துனன் மகனைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏளா, இனி இவன் சொல்லுதபடி அடி" என்றார். அந்தப் பயலுக்குக் குறடு எது, இடுக்கி எது என்றே தெரியாது.

"நீயே அட்ச்சிக்கோ அண்ணாச்சி" என்று சம்மட்டியை அவர் காலடியில் போட்டுவிட்டு வந்தவள்தான்.

துருத்தி பழசாகக் கிடைத்தது. குறடுகளை அவளே அடித்துக்கொண்டாள். கரிக்கு முத்தம்மா இருந்தாள். ரயில் எஞ்சின்கள் கொட்டுகிற சாம்பலைக் கிளறி, வேகாத கரியைப் பொறுக்கி விற்கிறவள். முதல் சக்கரமும் வந்தது. ஜெயவேல் என்பவனுக்குச் சொந்த வண்டி. அண்ணாச்சி தயவு தேவையில்லை. அவன் சக்கரத்தில் பட்டா கழன்று ஆடியது. பச்சையம்மா அதை வெட்டி, முனைகளைக் காய்ச்சி மறுபடி ஒட்ட அடித்து, சக்கரத்தைவிட ஒரு நூல் சின்னதாக்கி வைத்தாள்.

பட்டா கட்டுவது தனியாளின் வேலையல்ல. இரும்பு வளையத்தைத் தீயில் போட்டால் விரியும். சிவந்ததும் மூன்று பேர் மூன்று பக்கமும் குறடு போட்டு ஒரே மூச்சில் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்க வேண்டும். தண்ணீரை ஊற்றினால் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். இரண்டு பேர் தூக்கினால் சாய்ந்து ஒரு பக்கம் கவ்வும். சக்கரம் விறகுக்குத்தான் ஆகும்.

இது அண்ணாச்சிக்குத் தெரியாதா என்ன? அவர் உலையை இடிக்கவில்லை, ஆள் வைத்து மிரட்டவில்லை. வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அவ குறட்டத் தொடுதவனுக்கு நாளைக்கு எங்கிட்ட வண்டி கிடையாது."

வரட்டியும் கரியும் வளையமாக எரிந்துகொண்டிருந்த காலையில், தெருவே கூடி நின்றது. அண்ணாச்சி எதிர்க்கடை நாற்காலியில் பன்னீர் சோடாவோடு உட்கார்ந்திருந்தார். ஒரு குறடு பச்சையம்மாவிடம், ஒன்று ஜெயவேலிடம். மூன்றாவது தரையில் கிடந்தது. அதைப் பிடிப்பதாகச் சொல்லியிருந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி ரகுபதி. அவனும் அண்ணாச்சி வண்டியைத்தான் இழுத்தான். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு நின்றான்.

"ரகுபதி, வாடா. பட்டா செவந்துட்ச்சி."

"எனுக்கும் புள்ளக்குட்டி கீதுக்கா" என்றான் அவன், தரையைப் பார்த்து.

பச்சையம்மா அவனை விட்டுத் திரும்பித் தீயைக் கிளறினாள்.

"மூணு ஆளு வேணும்லா பச்சையம்மா?" என்றார் அண்ணாச்சி, சோடாவை உறிஞ்சியபடி. "ரெண்டுதான இருக்கு?"

ஜெயவேல் வியர்த்துப்போய், "வுட்டுடு பச்சையம்மா. சக்கரம் பூட்ச்சின்னா என் பொயப்பே பூடும்" என்றான்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். இடுப்பில் கரிக்கூடையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த முத்தம்மாவிடம் வந்து கண் நின்றது.

"முத்தம்மா, கூடைய எறக்கு. குறட்டப் புடி."

கூட்டம் சலசலத்தது. பெண் கை பட்டாவைத் தூக்கினால் வண்டி அச்சு முறியும் என்று அந்தப் பேட்டையில் ஒரு பேச்சு உண்டு. அண்ணாச்சி கொட்டகையிலும் அப்படித்தான். அடிக்கும்வரை அடிக்கச் சொல்லிவிட்டு, தூக்குகிற நேரத்தில் பச்சையம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். இப்போது ஒன்றுக்கு இரண்டு பெண்கள்!

"ஆவாது, ஆவாது" என்றது ஒரு கிழம்.

"எஞ்சின் கொட்ற நெருப்புல கைய வுட்டுத்தான் தெனிக்கும் கஞ்சி குடிக்கிறேன்" என்றாள் முத்தம்மா, முந்தானையை இழுத்துச் செருகியபடி. "இது இன்னா பெரீய நெருப்பு?"

எல்லோரும் ஜெயவேலைப் பார்த்தார்கள். வண்டி அவனுடையது. அவன் குறட்டை இறுக்கிப் பிடித்தான். "அச்சு முறிஞ்சா என் அச்சு. தூக்கு!"

"ஏய், ஒண்ணா... ஹாங்!"

சிவந்த வளையம் தரையை விட்டு எழுந்தது. முத்தம்மாவின் பக்கம் ஒரு கணம் தாழ்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிவிட்டாள். வளையம் சக்கரத்தில் இறங்கியதும் மரம் குப்பென்று தீப்பிடித்தது. பச்சையம்மா சுற்றிச்சுற்றிச் சம்மட்டியால் தட்டினாள். குடம் குடமாகத் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். ஆவி தெருவையே மறைத்தது. அதற்குள்ளிருந்து மரம் நெரிபடும் சத்தம் கேட்டது, ஆரக்கால்கள் ஒவ்வொன்றாக இறுகின. ஜெயவேல் சக்கரத்தை நிமிர்த்தி உருட்டிப் பார்த்தான். கோணல் இல்லை, ஆட்டம் இல்லை.

"பொம்பளைக கட்டுன பட்டா! எத்தன நாளைக்கு ஓடும்னு பாக்கத்தான போறேன்" என்று அண்ணாச்சி எழுந்தார்.

"நல்லா பாரு. தெனிக்கும் உன் கொட்டாய் வாசல்லதான் ஓடும்."

அண்ணாச்சி தலை மறைந்த பிறகு ரகுபதி மெல்லப் பக்கத்தில் வந்தான். "அக்கா, அடுத்த பட்டாவுக்கு நான் வந்து புடிக்கட்டா? அவருக்குத் தெரியாம வந்துட்றேன்."

பச்சையம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆளு கீதுடா" என்றாள். "நீ போயி அண்ணாச்சி வண்டிய இழு."