போடாத பூட்ஸின் வயது

1

“மாமா, கடைக்காரரு அம்மாவுக்கு பூட்ஸ் போட்டுப் போட்டுப் பாத்தாரு. மூட்டை தூக்கிட்டு வர்றவருக்கு யாரு போட்டுப் பாத்தாங்க?”

என் மகள் ஏழு வயதில் என் அண்ணனிடம் கேட்டாள். அண்ணன் மலையேற்றக் குழுக்களை அழைத்துச் செல்பவர். “அவங்க காலே மலைக்குன்னு செஞ்சதுடா கண்ணு” என்று அவள் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்ததை இந்தக் கதையின் முதல் நான்கு வரைவுகளில் எழுதவில்லை. இது ஐந்தாவது வரைவு.

கதை எழுதுவது என் நோக்கமே அல்ல. ஒரு பயண இதழின் ஆசிரியர், உயரமான மலைகளுக்குப் போகிறவர்கள் பூட்ஸும் மற்ற சாமான்களும் தேர்ந்தெடுப்பது எப்படி என்று மூன்று பக்கக் கட்டுரை கேட்டார். நான் இரண்டு மலை ஏறியவள். கொஞ்சம் எழுதவும் வரும். சரி என்றேன். எழுத உட்கார்ந்தால் ‘தேர்ந்தெடுப்பது’ என்ற சொல்லைத் தாண்டிப் பேனா நகர மறுத்தது. ஏன் என்று சொல்லத்தான் இது.

2

கட்டுரையாகத் தொடங்கியபோது முதல் வரி இப்படி இருந்தது:

“மலை நம்மை அழைக்கும்போது முதலில் பதில் சொல்பவை நம் பாதங்கள், அந்தப் பாதங்களுக்கு நாம்

[இதை அடித்துவிட்டேன். மலை யாரையும் அழைப்பதில்லை. என்னை அழைத்தது அண்ணனின் விளம்பரத் தாள்.]

இரண்டாம் முயற்சி நேரானது. பூட்ஸ் வாங்கப் பிற்பகலில் போங்கள். அதற்குள் கால் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். அங்கே போடப்போகும் அதே தடித்த சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். நாடாவைக் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு குதிகால் மேலே எழும்பக் கூடாது. கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். கால்விரல் முன்னால் போய் இடித்தால், எவ்வளவு அழகான பூட்ஸானாலும் கழற்றி வைத்துவிடுங்கள். பனியில் நடப்பதானால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரட்டைப் பூட்ஸ் வேண்டும். அடியில் மாட்டும் இரும்புப் பற்களுக்குக் கிராம்பான் என்று பெயர். அதைக் கடையிலேயே மாட்டி, காலை உதறிப் பாருங்கள்; அசையக் கூடாது. கையுறை இரண்டு சோடி, ஒன்று நனைந்தால் இன்னொன்று.

இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் கடையில் கால் அளவு பார்ப்பவர். ஒன்றரை மணி நேரம் என் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஏழு சோடி போட்டுக் கழற்றினார். என் இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் பெரியது என்பது எனக்கு நாற்பத்திரண்டு வருஷமாகத் தெரியாது. அவர் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்தார்.

கடைசியில், “வயசையும் பாத்துக்கங்கம்மா” என்றார். என் வயதையா என்று கேட்டேன். சிரித்தார்.

“பூட்ஸோட வயசு. போட்டுப் பழசானது பாத்தாலே தெரிஞ்சிரும். போடாம பெட்டியிலயே வச்சிருக்கிறதுதான் ஆள ஏமாத்தும். மேல பளபளன்னு இருக்கும், நடுவுல இருக்கிற மெத்தை உளுத்துப் போயிருக்கும்.* ஏழெட்டு வருஷம் பெட்டியில கெடந்தத எனக்கு சும்மா குடுத்தாலும் போட மாட்டேன்.”

* தரையைத் தொடும் ரப்பருக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே மெத்தென்று ஓர் அடுக்கு உண்டு. காற்றில் இருக்கும் ஈரமே அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். வெளியே ஒரு கீறல் தெரியாது. நடக்கத் தொடங்கிய பிறகு அடிப்பாகம் கேக் துண்டு போல உதிரும்.

இதைக் கேட்டபோது அண்ணன் என் பக்கத்தில் இல்லை. போன் பேச வெளியே போயிருந்தார். புரிந்து கேட்டவள் நான் ஒருத்திதான். கடைக்காரர் சொன்ன மற்றவற்றில் பாதியை வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டேன். இதை மறக்கவில்லை.

3

எங்கள் குழுவின் சுமை தூக்குபவர்களில் ஒருவரை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிட்டார்கள். செங்குத்தான ஏற்றத்தில் மற்றவர்கள் மூச்சு வாங்கி நிற்கும்போதும் அவர் பேச்சு நிற்காது. முதல் வரைவில் அவரை மெலிந்த, சோகக் கண்களுள்ள, வாய் பேசாத மனிதராக எழுதியிருந்தேன். வாசகருக்கு இரக்கம் வரட்டும் என்று செய்த வேலை. பேசாதவராக ஆக்கினால் அவரை எதுவும் கேட்க வேண்டிய அவசியம் எனக்கும் இருக்காது. உண்மையில் அவர் தோள் அகன்ற மனிதர். மாமியாரைப் பற்றியும் தன் குறட்டையைப் பற்றியும் வழியெல்லாம் சிரிக்க வைத்தவர்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் அண்ணனின் சாமான் அறையில் பன்னிரண்டு அட்டைப் பெட்டிகள் இறக்கப்பட்டன. ஒன்பது வருஷத்துக்கு முன்பு நடக்காமல் போன ஒரு பயணத்துக்காக வாங்கிய இரட்டைப் பூட்ஸ்கள். ஒருவரும் போட்டதில்லை. ஆறு சுமைக்காரர்களும் வரிசையாக நின்றார்கள். “புத்தம் புதுசு. எது பொருந்துதோ அத எடுத்துக்குங்க” என்றார் அண்ணன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பிற்பகலும் இல்லை, தடித்த சாக்ஸும் இல்லை, சரிவுப் பலகையும் இல்லை. ஆறு பேருக்கும் சேர்த்துக் கால் மணி நேரம்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளில் தயாரித்த வருஷம் அச்சடித்திருந்தது. நான் அப்போது வேறு

[இந்த வாக்கியத்தை முன்பு மூன்று விதமாக முடித்திருக்கிறேன். ‘வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.’ ‘வேறு அறையில் கையுறைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.’ ‘வேறு நினைவின்றிப் பிரார்த்தனையில் இருந்தேன்.’ மூன்றாவதை எழுதிய அன்று என் மேல் எனக்கே அருவருப்பு வந்தது. செய்த பிழைக்குக் கடவுளையே பொய்ச்சாட்சி சொல்ல இழுத்திருக்கிறேன்.]

வருஷத்தைப் படித்தேன். கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் அண்ணனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் மலர்ந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் எப்படி என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று இப்போதும் தேடுகிறேன்.

4

மலையில் நடந்ததை நீட்டப் போவதில்லை. பனிச் சரிவைப் பக்கம் பக்கமாக வர்ணித்த வரைவு ஒன்று இருக்கிறது. அதில் பனி நன்றாக இருக்கிறது, மனிதர் காணாமல் போய்விட்டார்.

மற்ற ஐந்து பேரும் கீழ் முகாமோடு நின்றுவிட, பனிக்கு மேலே சுமையோடு வந்தவர் ரேடியோ ஒருவர்தான். இறங்கும் நாள் காலை அவருடைய வலது பூட்ஸின் அடிப்பாகம் கிராம்பானோடு சேர்ந்து கழன்று வந்துவிட்டது. கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் நடந்தார். எப்போதும் எனக்கு முன்னால் நடப்பவர் அன்று பின்னால் வந்தார். குறட்டைக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் சிரித்துக்கொண்டே இறங்கினேன். அந்தக் காலைப் பார்த்தால் நான் பயந்து சறுக்கிவிடுவேன் என்றுதான் பின்னால் வந்திருக்கிறார். முகாமில் பூட்ஸைக் கழற்றியபோது இரண்டு விரல்கள் பனியில் உறைந்து கறுத்திருந்தன. அவற்றை வெட்டித்தான் எடுத்தார்கள்.

5

இனி காகிதம்.

சுமை தூக்குபவர்களுக்கு வருஷா வருஷம் அனுமதி அட்டை கொடுக்கும் பதிவு அலுவலகம் ஒன்று உண்டு. விபத்து நடந்தால் குழுத் தலைவர் அங்கே அறிக்கை தர வேண்டும், குழுவில் இருந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் எழுதியதில் மூன்று வாக்கியங்கள்:

“பயன்படுத்தப்படாத புதிய காலணிகள் வழங்கப்பட்டன. அவற்றுள் தமக்கானதை அவரே தேர்ந்தெடுத்தார். அவர் கையாண்ட விதத்தால் சேதம் ஏற்பட்டது.”

சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்தார். பேனா மூடியைக் கூட அவரே கழற்றிக் கொடுத்தார். நான் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

தேர்ந்தெடுத்தாராம். எனக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றரை மணி நேரமும், முன்னால் மண்டியிட்ட ஒரு மனிதரும், ஏழு சோடியும் கிடைத்தன. அவருக்குக் கிடைத்தவை பன்னிரண்டு உளுத்த பெட்டிகள். அதில் எதை எடுத்திருந்தாலும் அதே விரல்கள்தான் போயிருக்கும். ஏமாற்றுகிறவன் கையை நீட்டச் சொல்லிவிட்டு, நீட்டியது நீதானே என்று கேட்பதற்கு எந்த ஊரில் தேர்வு என்று பெயர்? நல்ல தமிழில், எழுத்துப்பிழையில்லாமல், இப்படி ஓர் அக்கிரமத்தை எழுத முடிகிறதே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த மூன்றாவது வாக்கியத்தால் ரேடியோவின் அட்டையை நிறுத்தி வைத்தார்கள். சாமான்களைப் பொறுப்பில்லாமல் கையாள்பவர் என்று குறிப்பு. இரண்டு விரல் போனாலும் தாழ்ந்த பாதைகளில் அவரால் சுமை தூக்க முடியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அட்டை இல்லாமல் எந்தக் குழுவும் சேர்க்காது.

6

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். கடைசிக் கட்டில். காலில் கட்டு. என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தானே இழுத்துப் போட எழுந்தார், உட்காரச் சொன்னேன். ரெண்டு விரல் கம்மின்னா சாக்ஸுல காத்தாட இடம் இருக்குமே என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கு யாருமே பெட்டி பிரிக்காத பூட்ஸ் குடுத்ததில்லக்கா. அழுக்காயிரக் கூடாதுன்னு பனி வர்ற வரைக்கும் என் பழைய ஷூவுலயேதான் வந்தேன். புதுச முதுகுல கட்டித் தூக்கிட்டு வந்தேன்.”

போர்வையைக் கட்டுப் போட்ட காலின் மேல் இழுத்து விட்டுக்கொண்டார்.

“கிராம்பான இழுத்துக் கட்டினதுல நான்தான் பிச்சிட்டேன்போல. அண்ணன் ஆசையா குடுத்தது. தப்பா நெனச்சுக்க வேணாம்னு சொல்லுங்க.”

கீழேயே போட்டு நடந்திருந்தால் முதல் நாளே அடி கழன்றிருக்கும். ஊர் பக்கத்திலேயே திரும்பியிருப்பார். புதிதாகவே இருக்கட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்ததுதான் அவர் செய்த ஒரே பிழை. அதையும் பொறுப்பில்லாமை என்று எழுதிய காகிதத்தில் என் பெயர் இருக்கிறது.

[இந்த இடத்தை வாசித்த ஒரு தோழி, இப்படி ஒரு மனிதர் இருப்பாரா, மிகையாக இருக்கிறதே என்றாள். கெட்டவர்களைக் கதையில் யாரும் மிகை என்று சொல்வதில்லை.]

7

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாமான் அறை திறந்திருந்தது. பெட்டிகள் இருந்த இடம் காலி. மிச்ச பூட்ஸ் எங்கே என்று கேட்டேன். மலையிலிருந்து வந்த வாரமே வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார், சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. அறிக்கை எழுதியது அதற்குப் பத்து நாள் கழித்து.

“அப்ப உங்களுக்குத் தெரியும்ணா.”

“தெரிஞ்சா குடுப்பேன்? வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.”

“எழுதறப்போ தெரியும்ல.”

அவர் ஒரு கயிற்றை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். உண்மையைச் சொன்னால் உரிமம் போய்விடும், பதினெட்டு வருஷ உழைப்பு போய்விடும், அண்ணி யார் முகத்தில் விழிப்பாள் என்றெல்லாம் சொன்னார். ரேடியோவுக்குத் தன் வீட்டிலேயே வேறு ஏதாவது வேலை போட்டுத் தருவதாகவும் சொன்னார். அறிக்கையைத் திரும்பப் பெறுங்கள் என்று ஒன்றையே நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“ரெண்டு மலை ஏறிட்டு எனக்கு பூட்ஸ் பாடம் எடுக்கிறியா? கையெழுத்து போடுறப்ப உன் கை நடுங்கவே இல்லையே தாயே.”

உண்மைதான். என் கை நடுங்கவில்லை.

8

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அண்ணன் மனம் திருந்தி, ரேடியோவின் கட்டிலருகே போய் அழுகிறார். நான் பிறந்ததிலிருந்து அண்ணன் அழுது பார்த்ததில்லை. அவரை அழ வைத்தால் எனக்கு வேலை மிச்சம் என்பதற்காக அழ வைத்திருக்கிறேன். அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் ரேடியோவிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் விடுங்கக்கா என்கிறார். அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். ஆனால் அவருடைய மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொண்டால் அது திருட்டு.

மூன்றாவதில் அண்ணன் காலுக்குக் கீழே பனி பிளக்கிறது. கோபம் தலைக்கேறிய ஒரு மாலையில் எழுதியது. நான் கும்பிடும் கடவுள் அப்படிப்பட்டவர் அல்ல. எழுதிய கைதான் அப்படிப்பட்டது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அண்ணனுக்காகவும் சேர்த்துக் கும்பிட்டேன். கும்பிட்டதால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க இடமிருக்கிறது.

இதழாசிரியருக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு வேண்டியது இரண்டாம் பகுதியில் இருக்கிறது. படங்களோடு போட்டுக்கொள்ளுங்கள். இடமிருந்தால், பின்னால் சுமையோடு வருகிறவர் காலிலும் இதே சோதனைகளைச் செய்து பார்க்கும்படி ஒரு வரி சேருங்கள்.

9

நேற்று பதிவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். வரைவு எதுவும் தேவைப்படவில்லை. என் சாட்சிக் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். பெட்டியில் இருந்த வருஷத்தைப் படித்தேன், அதன் பொருள் தெரிந்தும் பேசாமல் இருந்தேன். அந்தப் பூட்ஸை எப்படிக் கையாண்டிருந்தாலும் அது உடைந்திருக்கும். கடையில் கால் அளவு பார்ப்பவரின் முகவரியையும் கீழே எழுதினேன், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளட்டும் என்று.

இதன் பிறகு ரேடியோவுக்கு அட்டை கிடைக்குமா, அண்ணன் என் வீட்டுப் படி மிதிப்பாரா என்று கேட்பீர்கள். அதை நான் எழுத மாட்டேன். எழுதினால் என் பக்கம் சாய்த்துத்தான் எழுதுவேன். என் கை எனக்குத் தெரியும். நீங்கள் யார் பக்கமும் சாராதவர். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை பதிவு அலுவலகம் திறப்பதற்கு முன்பே போனேன். கதவில் தபால் போட ஒரு பிளவு இருக்கிறது. உறையை உள்ளே தள்ளினேன். அந்தப் பக்கம் தரையில் விழும் சத்தம் கேட்டது. தெருவில் யாரும் இல்லை. வீட்டுக்கு நடந்தேன்.