பழுதுள்ள பொருத்தனை

ஷூ கம்பெனியில் நெல்வினின் வேலை குறை கண்டுபிடிப்பது. அதற்கு ஆம்பூரில் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டில் அதையே மனைவி இவாஞ்சலின் இலவசமாகச் செய்கிறாள் என்பான். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும், தோலில் கொசு உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஒரு புள்ளி இருந்தாலும், சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை அந்த இடத்தைப் பார்த்து ஒட்டி ஷூவைத் திருப்பி அனுப்பிவிடுவான். அப்படிப்பட்டவன், ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தால் ஒட்ட இடம் போதாத ஒரு பொருளைக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கட்டிக்கொண்டு அழுதான்.

அது ஒரு டிலே பெடல். கிடாரில் ஒரு சுரத்தை மீட்டினால் அதை வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி மறுபடி சொல்லிக்காட்டும் இரும்புப் பெட்டி. காலால் மிதித்தால் வேலை செய்ய வேண்டும். பல ஞாயிற்றுக்கிழமைகளில் உதைத்தால்தான் செய்தது. பழைய அனலாக் வகை. பெடலைச் செய்த கம்பெனி செய்வதை நிறுத்திவிட்டது. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் சில்லைச் செய்த கம்பெனியும் நிறுத்திவிட்டது. இரண்டு பேரும் கலந்து பேசி எடுத்த நல்ல முடிவு அது என்பது இவாஞ்சலினின் கருத்து.

ஆனால் அது வேலை செய்கிற நாளில் கேட்க வேண்டும். புது டிஜிட்டல் பெடல் சொன்னதைச் சொன்னபடி ஒப்பிக்கும், நன்றாகப் படிக்கிற பையன் மாதிரி. இது அப்படியில்லை. முதல் தடவை பக்கத்து அறையிலிருந்து சொல்லும், அடுத்தது தெருமுனையிலிருந்து, அதற்கடுத்தது பாலாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் இருட்டிப்போய், கடைசியில் ஒலித்ததா, நாமே நினைத்துக்கொண்டோமா என்று தெரியாமல் முடியும். சர்ச் ஆராதனையில் வாசிக்கும்போது அந்த இடம் வந்தால் நெல்வின் கண்ணை மூடிக்கொள்வான். பக்தி என்று சபையார் நினைத்தார்கள், அவனும் மறுக்கவில்லை.

சூடேறினால் மட்டும் அதற்கு வேறு குணம். போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை, மௌன ஜெபத்தின் நடுவில், யாரும் தொடாமலே அது ஊளையிட ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனது. முதல் வரிசையில் இருந்த பொருளாளர் ஞானமுத்து சார் இரண்டு கையையும் தூக்கிப் பிசாசைக் கடிந்துகொண்டார். கீபோர்டு வாசிக்கிற ஜோனதன்தான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினான். பிசாசும் போய்விட்டது.

அந்தப் பெடலைத்தான் நெல்வின் ஆண்டவருக்குப் பொருத்தனை பண்ணி நேர்ந்துவிட்டிருந்தான்.

இவாஞ்சலினுக்குக் கழுத்தில் கட்டி வந்த வருஷம் அது. அவள் ஒரு கிளினிக்கில் நர்ஸ். தனக்கு என்னவாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே தெரிந்த முகத்தோடு ஆபரேஷனுக்குப் போனாள். வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு நெல்வின், தன்னிடம் இருப்பதில் தனக்கு ரொம்பப் பிடித்ததை அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுவந்து வைக்கிறேன் என்று சொன்னான். பைக் கடனில் இருந்தது. கிடார் சுமாரானது. யோசித்துப் பார்த்தால் பெடல்தான். கட்டி சாதுவானது, கேன்சர் இல்லை என்று ரிசல்ட் வந்தது. இவாஞ்சலின் வீட்டுக்கு வந்து, குறை கண்டுபிடிப்பதைத் தொடர்ந்தாள்.

அறுப்பின் பண்டிகையில் அவரவர் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். நிலம் இல்லாதவர்கள் கேக்கோ கோழியோ ஒரு ஜோடி ஷூவோ வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். முதல் வருஷம் பெடல் ஆன் ஆகவில்லை. அடுத்த வருஷம் சுவிட்ச் போய்விட்டது. அதற்கடுத்த வருஷம் அதன் விசித்திரமான அடாப்டர் புகைந்தது.

"இந்த வருஷமாவது குடுப்பீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் இவாஞ்சலின் கேட்பாள்.

"காணிக்கைன்னா பழுதில்லாம இருக்கணும் இவா. சண்டே ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்திருக்காங்க."

"ஆமா, என் உயிருக்கு ஈடா ரிப்பேர் டப்பாவ நேர்ந்துகிட்டு, இப்ப அதுவும் வாய்தா."

இந்த வருஷம் அமீர் பாஷா கெடுத்துவிட்டார். தையல் மெஷின்களின் போர்டுகளைப் பழுது பார்க்கிற அவர், பெடலைச் சரிசெய்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இந்தா, முடிஞ்சுது. கெபாசிட்டர் எல்லாம் மாத்திட்டேன், சுவிட்சு புதுசு, அடாப்டரு நானே சுத்தினது. உள்ள செம்பெல்லாம் கறுத்துக் கெடந்துச்சு தோஸ்த். நம்ம ஊரு தோல்ஷாப்பு காத்துல மனுசனே கறுத்துப் போறான், அது இன்னா பண்ணும்."

"அப்ப பழுதே இல்லையா பாய்?"

பாஷா கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாபா, சந்தோசமா கேக்கற மாதிரியே இல்லையே?"

"சூடானா ஊளை வுடுமே, அது?"

"அது அதோட பொறப்பு. சூடு ஜாஸ்தியானா வரும், நான் ஒண்ணும் பண்ண முடியாது. உள்ள அந்தச் சில்லு இருக்குதே, தீப்புடிச்ச எடத்துக்கு வரிசையா நின்னு பக்கெட்ட கை மாத்துவாங்களே, அந்த மாதிரி சத்தத்த கை மாத்தி வுடுது. ஒவ்வொரு கையிலயும் கொஞ்சம் சிந்தும். சிந்தக் கூடாதுன்னா புதுசு வாங்கிக்க. ஆனா நீ கண்ண மூடிக் கேக்கறியே, அது அந்தச் சிந்தறதுதான்."

கடையை விட்டு இறங்கும்போது நெல்வினுக்கு உடம்பே லேசாக இருந்தது. பழுது அதன் பிறவிக் குணம். எந்த ஜென்மத்திலும் அது பழுதற்றதாக ஆகாது. ஆகவே எந்த ஜென்மத்திலும் கொடுக்க வேண்டியதில்லை.

அந்தச் சந்தோஷம் ரயில்வே கேட் வரைக்கும் நீடித்தது. கேட் மூடியிருந்தது. முன்னால் கம்பெனி பஸ். ஜன்னல்களில் ஷிஃப்ட் முடிந்து தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள். வண்டியை அணைத்துவிட்டு நின்றபோது, பழுதற்றது என்ற வார்த்தை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னதில் எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தான். இல்லை. அங்கே அவன் சட்டையின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான். நிபந்தனை போடுகிற நிலைமையில் இல்லை. அந்த ஷரத்து நல்ல ரிசல்ட் கைக்கு வந்த பிறகு சேர்த்தது. சரக்கு வந்து சேர்ந்த பிறகு வாங்கினவன் சேர்க்கிற ஷரத்தை எந்தக் கம்பெனியும் ஒப்புக்கொள்ளாது. நெல்வினுக்கு அது தொழில்முறையாகவே தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் பெடலைத் துணியால் துடைத்தான். கம்பெனி ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, எதிரொலி எத்தனை தடவை வர வேண்டும் என்று வைக்கிற திருகைப் பார்த்து ஒட்டினான். ஊளை பிறக்கும் இடம் அதுதான்.

"அது எதுக்கு?" என்றாள் இவாஞ்சலின்.

"மறைச்சுக் குடுக்கக் கூடாதில்ல."

அவள் கழுத்துத் தழும்பின் மேல் விரலை வைத்தாள். "நான் கேக்கலங்க. ஆண்டவரும் கேட்ட மாதிரி தெரியல."

"நான் சொன்னேனே இவா."

அவள் துணியை வாங்கி, அவன் விட்ட மூலையைத் துடைத்தாள், குறை சொல்லாமல். அபூர்வம்.

பந்தலில் பூசணி போனது, வாழைத்தார் போனது, கோழிகள் போயின. வெயில் தகரக் கூரைமேல் ஏறிய நேரத்தில் ஞானமுத்து சார் பெடலை உயர்த்திப் பிடித்தார்.

"அடுத்து நம்ம சகோதரர் நெல்வின் படைச்ச... இது இன்னாப்பா, அயர்ன் பாக்ஸா?"

"சார், அதான் அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை!" என்று ஜோனதன் கத்த, பந்தலே சிரித்தது.

"வேலை செய்யுமா?"

"செய்யும் சார். ஆனா ஒரு பழுது இருக்குது," என்றான் நெல்வின். கிடாரைச் சொருகி ஒரு சுரம் மீட்டினான். அது பக்கத்து அறைக்குப் போனது. தெருமுனைக்குப் போனது. பந்தல் அமைதியானது. பாலாற்றைத் தாண்டப் போகிற நேரத்தில் கூரைச் சூடு பெட்டிக்குள் இறங்கிவிட்டது. ஊளை எழுந்தது, ஏறியது, ஏலத்தில் போன கோழிகள் எல்லாம் இறக்கையை அடித்துக்கொண்டு அலறின. ஒரு குழந்தை அழுதது. நெல்வின் ஒயரைப் பிடுங்கினான்.

"கேக்கறவங்க கேக்கலாம்," என்றார் ஞானமுத்து சார், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நிம்மதியோடு.

நெல்வின் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டான். யாரும் கேட்காவிட்டால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆண்டவரே, யாரும் கேட்க வேண்டாம் என்று ஜெபம் பண்ணிவிடுவோமோ என்று பயந்து, சட்டென்று கண்ணைத் திறந்துகொண்டான்.

"நான் எடுத்துக்கறேன் சார்!" கடைசி வரிசையில், தலைகீழாகத் தொங்கும் இரண்டு கோழிகளோடு ஒருவர் எழுந்தார். மாதனூர் கனகராஜ். கோழிக்காக வருஷா வருஷம் ஏலத்துக்கு வருகிற விவசாயி.

"கனகராஜு, நீ கிடாரு வாசிப்பியா?"

"கிடாரு எதுக்கு சார்? பன்னிக்கு! மல்லாட்ட போட்டிருக்கேன், காட்டுப்பன்னி வந்து மொத்தமும் நோண்டிட்டுப் போவுது. பட்டாசு போட்டாச்சு. நாய் கொலைக்கறத ரிக்கார்டு பண்ணி மைக்செட்டுல போட்டாச்சு. இப்ப அதக் கேட்டுக்கினே தின்னுது. இந்தச் சத்தத்துக்கு நானே கோழிய வுட்டுட்டு மறுபடி புடிச்சேன் சார்!"

போட்டிக்கு யாரும் இல்லை. அடாப்டரையும் கொடுத்து, மைக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் எப்படிச் சொருகுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நெல்வின் வீட்டுக்கு வந்தான். அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவன் வலது கால் தானாகத் தரையில் எதையோ தேடியது. வெறும் தரையை இரண்டு தடவை மிதித்தான்.

அன்று மத்தியானம் கனகராஜ் ஃபோன் பண்ணினார். "சார், நீங்க குடுத்தது ரிப்பேரு சார். ராத்திரி போட்டா கத்தவே மாட்டேங்குது."

வெயில் தாழ்ந்ததும் இவாஞ்சலினைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனான். மலையடிவாரத்தில் நிலக்கடலைக் காடு. கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கர். மோட்டார் ரூமில் ஆம்ப்ளிஃபயரும் பெடலும். மலையிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. தோல் வாசனை துளியும் இல்லை.

"நீங்களே பேசிப் பாருங்க சார்."

நெல்வின் மைக்கை வாங்கினான். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இவா," என்றான்.

இவா, என்றது கம்பம். இவா, என்றது காட்டின் அந்தக் கரை. இவா, என்றது மலை, இருட்டிய குரலில், எதையோ மன்னித்துவிட்டது போல. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அது இவ்வளவு சுத்தமாகப் பேசியதில்லை. இதற்கு நல்ல காற்று மட்டும்தான் தேவைப்பட்டிருக்கிறது.

"பாத்தீங்களா?" என்றார் கனகராஜ் வருத்தமாக. "எவ்ளோ அன்பா கூப்புடுது. பன்னி வந்து எல போடச் சொல்லும். எனக்கு இது வேணாம் சார், நீங்களே எடுத்துட்டுப் போய்டுங்க. குடுத்தது சாமி காசு, அத நான் திருப்பிக் கேக்க மாட்டேன்."

படைத்தாகிவிட்டது. ஏலம் போய்விட்டது. வாங்கினவரே கையில் தருகிறார். எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் இதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. இவாஞ்சலின் வெளியே ஒரு கடலைச் செடியை, கடலைச் செடியையே பார்த்திராதவள் போல, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெல்வின் பெடலின் மேலிருந்த மண்ணை ஊதினான். அவன் ஒட்டிய அம்பு அங்கேயே இருந்தது.

"கனகராஜு, இந்தச் செவப்பு ஸ்டிக்கர பாத்தியா?"

"ரேட்டு ஸ்டிக்கர்னு நெனச்சேன் சார்."

"அது காட்டுது பாரு, அந்தத் திருகு. எதிரொலி அடங்கறதுக்குள்ள அத கடைசி வரைக்கும் திருப்பு. சூடு தேவையில்ல."

மறுபடி மைக்கில் "இவா" என்றான். கனகராஜ் திருப்பினார். மலைப்பக்கம் மங்கிப்போய்க்கொண்டிருந்த பெயர் நின்றது, திரும்பியது, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பெயர் என்பதே தெரியாமல் ஊளையாகி, காடு முழுக்க நிறைந்தது. புளியமரத்திலிருந்து கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின.

"ஆங்! இதான் சார்! இதான்!" கனகராஜ் குதித்தார்.

காதைப் பொத்திக்கொண்டு இவாஞ்சலின் ஓடி வந்தாள். "என் பேரச் சொல்லியா பன்னி ஓட்டறீங்க?"

"நானே இத்தன வருஷமா பயப்படறேன்," என்றான் நெல்வின் சத்தத்துக்கு மேலே. "பன்னி பயப்படாதா?"

அவள் அடிக்கக் கையை ஓங்கி, அவன் ஈரக் கண்ணைப் பார்த்துவிட்டு, அந்தக் கையாலேயே அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.