கூப்பிட்டால் பதில்

காலையில் அவன் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து மனைவியின் முகத்தைத் துடைத்தான். தலையைச் சீவிவிட்டான். மருந்து ஏற்றுவதற்காகக் கையில் செருகியிருந்த குழாய் நனையாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டான். மூன்றாவது வாரமாக இதே வரிசை.

போதை ஊசி போட்டுப் போட்டு அவள் இதய வால்வில் கிருமி ஏறியிருந்தது. இன்னும் மூன்று வாரம் மருந்து ஏறினால் பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை அவள் ஓடிப்போகாமல் இருக்க வேண்டும். மறுபடி ஊசியைத் தொடாமல் இருக்க வேண்டும். அவன் லீவு போட்டுவிட்டு வந்தது அதற்குத்தான்.

விடிந்ததிலிருந்து அவளுக்கு முதுகுவலி, நடுக்கம். அவன் நர்ஸிடம் போனான்.

"மாத்திரை குடுத்தாச்சே தம்பி."

"அது தலைவலிக்குப் போடுறது, அக்கா."

"இவங்க வலின்னு சொன்னா டாக்டர் நம்ப மாட்டேங்குறார். நான் என்ன பண்ணட்டும்?"

கட்டிலில் இருந்து அவள் சிரித்தாள். "விடுடா. எத்தனை பொய் சொல்லியிருக்கேன். ஒரு தடவ உண்மையச் சொன்னா உடனே நம்பிடணுமா?"

அந்த வார்டில் அவளுக்கு மட்டும் ஒரு விதி. குளியலறைக்குப் போனால் தாழ்ப்பாள் போடக்கூடாது. அவன் வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவள் உள்ளிருந்து பதில் சொல்ல வேண்டும்.

அன்றும் கூப்பிட்டான். "ம்" என்றாள்.

பக்கத்துக் கட்டில் நோயாளியின் மாமியார், "கொழந்தைய கக்கூஸ்ல உக்கார வச்ச மாதிரி இருக்கு," என்றாள் மருமகளிடம். மெதுவாகச் சொல்லவில்லை.

மறுபடி கூப்பிட்டான். இந்த முறை அவள் சற்று நீளமாகப் பதில் சொன்னாள். அதன் பிறகு அவன் சுவரைப் பார்த்தபடி நின்றான். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நர்ஸ் வந்து கதவைத் தள்ளியபோதும் தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஊசி அவள் தோலில் குத்தியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி போட்ட குழாயின் வாயிலேயே செருகி நின்றது.

அது எப்படி உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வாசலில் தினமும் அவன் பையைச் சோதிக்கும் காவலாளி மேலே வந்து அதை மறுபடியும் கொட்டிப் பார்த்தார்.

"எப்பவும் போடுற அளவுதான் போட்டிருப்பாங்க," என்றார் டாக்டர். "இத்தனை நாள் விட்டிருந்ததால உடம்பு தாங்கல."

அவன் தலையாட்டினான்.

"நீங்க வெளியிலதானே நின்னீங்க? கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்."

"கடைசியா என்ன சொன்னாங்க?"

நர்ஸ் அவள் முகத்தை மூடியிருந்த போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். பக்கத்துக் கட்டிலில் பேச்சு நின்றிருந்தது.

"'கூப்பிடாதடா, எல்லாரும் கேக்குறாங்க'ன்னா."