பூசிய முகம்

"மாதாவைக் கரிக்கட்டையா வரைஞ்சு மாட்டியிருக்கியாமே. நாளைக்கு நாங்க வரும்போது அது அப்படியே இருந்துச்சுன்னா நல்லாருக்காது."

போனில் அந்த ஆள் சொன்னது இவ்வளவுதான். பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை.

ஆன்லின் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பொதுவாகத் தைரியசாலி என்று பேர் வாங்கியவள்தான். 'கரைக்காற்று' சமுதாய வானொலியில் உட்கார்ந்துகொண்டு, குடிதண்ணீர் ஏன் வரவில்லை என்று அதிகாரிகளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். ஆனால் மைக்குக்கு முன்னால் வருகிற தைரியம் வேறு. முகம் தெரியாத குரலுக்கு முன்னால் அது வந்தால்தானே.

ஓவியப் போட்டி அவளுடைய யோசனை. வேறெங்கிருந்தோ வந்து காரைக்காலில் பிழைக்கிறவர்கள், படிக்கிறவர்கள் வரைந்தால் கண்காட்சி வைப்போம், நேயர்கள் போன் போட்டுப் பரிசைத் தீர்மானிக்கட்டும் என்றாள். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் ஒருவர் வரைந்தார். ஈழத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட தையல்காரம்மா வரைந்தாள். காங்கோவிலிருந்து நர்சிங் படிக்க வந்த மிரெய் என்ற பெண்ணும் வரைந்தாள். ஒவ்வொருவரும் வானொலியில் தங்கள் படத்தைப் பற்றிப் பேசினார்கள்.

மிரெய் ஹாஸ்டலிலும் மீன் மார்க்கெட்டிலும் கற்றுக்கொண்ட தமிழில் பேசினாள். "எங்க அம்மா எங்க ஊரு துறைமுகத்துல மீன் விப்பாங்க. வெயில்ல நின்னு நின்னு இன்னும் கறுப்பாயிட்டாங்க. தாடையில மீன் முள்ளு கீறுன தழும்பு இருக்கும். நான் மாதாவ அந்த மூஞ்சியோட வரைஞ்சேன்." போன் மேல் போன் வந்தது. முதல் பரிசு அவளுக்கே. அந்தப் படத்தை ஊரெல்லாம் தெரியும்படி இணையத்திலும் போட்டாள் ஆன்லின். அங்கேதான் வினையும் வந்தது. மாதா கறுப்பா என்று கண்டபடி எழுதினார்கள். அப்புறம் இந்தப் போன்.

போலீசுக்குப் போகலாம்தான். போனால் முதலில் மிரெயின் விசாவைத்தான் கேட்பார்களோ என்று அதற்கும் பயம். மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்று சொல்லிவைத்தவர்கள் எந்த வழியில் நடந்தார்களோ தெரியவில்லை. ஆன்லின் மடியில் ஒரு கனமும் இல்லை. ஆனாலும் அவள் போலீசுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை, கண்காட்சிக்காக வாடகைக்கு எடுத்திருந்த பழைய ஜவுளிக் கடையை அவள் திறக்கும்போதே மிரெய் வந்துவிட்டாள். திறப்பு விழாவுக்கென்று பளிச்சென மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். ஆன்லின் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள்.

"எடுத்துடலாமா?" என்றாள் மிரெய்.

"முதல் பரிசுப் படம் இல்லாம எப்படித் தொறக்கிறது? எல்லாரும் வருவாங்க." ஆன்லின் குரல் இறங்கியது. "மூஞ்சிய மட்டும் கொஞ்சம் வெளுப்பா ஆக்கிட்டா போதும் மிரெய். கொஞ்சந்தான்."

மிரெய் படத்தருகே போனாள். பிறகு கேட்டாள். "அவங்க வந்தா என்னை அடிப்பாங்களா, ஒங்களையா?"

"தெரியலை," என்றாள் ஆன்லின். அது பொய் இல்லை. ராத்திரி முழுக்க அவள் கண்ணில் ஓடியது மிரெய் அடிபடுகிற காட்சியும்தான், தான் அடிபடுகிற காட்சியும்தான். எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

மிரெய் பையிலிருந்து பெயின்ட்டை எடுத்தாள். கிண்ணத்தில் கலந்தாள். பிரஷை நனைத்து ஆன்லின் கையில் கொடுத்தாள்.

"நீங்க பண்ணுங்க. எனக்கு அது அம்மா."

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பயந்தவளுக்கு அதெல்லாம் தோன்றுமா? வாசலில் ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே பூசினாள். முதலில் நெற்றி, பிறகு கன்னம், கடைசியில் தாடைத் தழும்பு. கண்ணை விட்டுவிட்டுப் பூசத்தான் நினைத்தாள். வாசலைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் பிரஷ் அதையும் விடவில்லை. முடித்துப் பார்த்தால், கல்யாணப் பெண்ணுக்கு யாரோ அவசரத்தில் ரோஸ் பவுடர் அப்பிய மாதிரி ஒரு முகம் இருந்தது. யாருடைய முகமும் இல்லை அது. மிரெய் வாசல் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தாள்.

அந்த நேரம் தெருமுனையில் ஒரு மினி லாரி வந்து நின்றது. பின்பக்கமிருந்து திமுதிமுவென்று ஆட்கள் குதித்தார்கள். அதற்குமேல் ஆன்லின் பார்க்கவில்லை. மிரெயை உள்ளே இழுத்துப்போட்டு ஷட்டரை இறக்கிவிட்டாள்.

காலடிச் சத்தம் வந்து ஷட்டருக்கு முன்னால் நின்றது. யாரோ தகரத்தைப் படபடவென்று தட்டினார்கள். மிரெய் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். ஆன்லின் அவளுக்கு முன்னால் நின்றாள், கையில் அந்தப் பிரஷோடு. மாதாவே மாதாவே என்று வாய் முணுமுணுத்தது. எந்த மாதாவைக் கூப்பிடுகிறோம் என்ற வெட்கமும் அந்தப் பயத்துக்குள்ளேயே சுருக்கென்று குத்தியது.

"தொற பாப்பா. வெயில் ஏறுது. நாங்க யாவாரத்துக்குப் போவ வேணாமா?"

பெண் குரல். ஆன்லின் ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கிப் பார்த்தாள். வரிசையாகப் பெண்களின் வெறுங்கால்கள், பக்கத்தில் மீன் கூடைகள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

கிளிஞ்சல்மேட்டு மீனவர் குப்பத்திலிருந்து வந்திருந்தார்கள். முன்னால் நின்றவள் கனகாம்பாள். அவள் புருஷன் போன படகை எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரையில் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் பெண்கள் கும்பிடுவது மாரியம்மனை. ஆனாலும் கடலில் ஒன்று என்றால் வேளாங்கண்ணி மாதாவுக்கும் சேலை சாத்துவதாக நேர்ந்துகொள்வது அந்தக் கரையில் வழக்கம். கனகாம்பாள் கையில் ஒரு தாம்பாளம் இருந்தது. அதில் மடிப்புக் கலையாத நீலச் சேலையும் பூவும் இருந்தன.

"கருவாடு காயப் போடுறப்ப ரேடியோவுல கேட்டோம். மீன் விக்கிற மாதாவாமே," என்றாள் கனகாம்பாள். "எங்க சங்கதியெல்லாம் சொன்னாப் புரியிற மாதா. அவ வீட்டுக்காரர அனுப்பி வைப்பான்னு நேந்துகிட்டேன். இவ்வளவு பேரும் அவளுக்குத்தான் ஓட்டுப் போட்டோம்."

செருப்பில்லாத கால்களோடு உள்ளே வந்தார்கள். படத்துக்கு முன்னால் நின்றார்கள்.  கனகாம்பாள் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். தாடையைத் தேடினாள். அடுத்த படத்தைப் பார்த்தாள், மறுபடி இதற்கே வந்தாள்.

"ரேடியோவுல சொன்ன மாதா எங்க பாப்பா?"

 பிரஷ் இன்னும் ஆன்லின் கையில்தான் இருந்தது. கனகாம்பாள் அதைப் பார்த்தாள்.

"பயந்துட்டேன்க்கா," என்றாள் ஆன்லின். "நான்தான் பூசுனேன்."

கனகாம்பாள் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆன்லின் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பாள். பெஞ்சருகே நின்ற மிரெயிடம் திரும்பி, "நீதான் வரைஞ்சியா? அம்மாவ வச்சு இன்னொண்ணு வரைஞ்சுடு தாயி. நாங்க அப்பறம் வர்றோம்," என்றாள்.

"அம்மா இப்ப உயிரோட இல்லைங்க. போட்டோவும் இல்லை," என்றாள் மிரெய். "ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்தி வரைஞ்சேன். ரொம்ப நாளாச்சு. மறுபடி வருமான்னு தெரியலை."

ஆன்லின் பிரஷைக் கீழே வைத்தாள்.

கனகாம்பாள் சேலையைத் தாம்பாளத்திலிருந்து எடுத்து மிரெயின் கையில் வைத்தாள். "அந்த மொகம் மறுபடி வர்றப்ப சாத்து. அதுவரைக்கும் ஒங்கிட்டயே இருக்கட்டும்." பிறகு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பெண்கள் வந்த வழியே போய் லாரியில் ஏறினார்கள்.

மிரெய் சேலையை மடியில் வைத்துக்கொண்டு படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். திறப்பு விழாவுக்கு ஆட்கள் வந்தார்கள், கை தட்டினார்கள், படம் ரொம்ப லட்சணம் என்றார்கள். ஆன்லின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாயும்வரை பார்த்தாள்.

போனில் மிரட்டியவன் கடைசிவரை வரவில்லை.