சுவரில் தலையாட்டியவன்

மித்காலின் மனைவி ஃபித்தா கோபித்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய் நாற்பது நாளாகிவிட்டது. நாலு வீடு தள்ளித்தான். கரக் என்ற அந்த அரபு மலைப்பக்கத்தில் இதற்கு வழி எல்லோருக்கும் தெரியும். மித்கால் இரண்டு பெரியவர்களோடு போய் உட்கார வேண்டும். முன்னால் வைத்த காப்பியைத் தொடாமல், கொஞ்சம் தலை குனிய வேண்டும். "கூட்டிட்டுப் போ" என்று பெண் வீட்டார் சொன்ன பிறகுதான் காப்பி. அவர் தானே ரொட்டி சுட்டுக் கருக்கித் தின்றுகொண்டிருந்தாரே ஒழிய, அந்தத் தலை மட்டும் வளையவில்லை.

முற்றத்துக் கல்சுவரில் ஒரு பாறை ஓணான். முள்வால் கிழம். வெயில் ஏறியதும் பொந்திலிருந்து வந்து, கறுத்துப் படுத்துச் சூடேறி, உச்சிக் கல்லில் நின்று தலையை ஆட்டும்.

பக்கத்து வீட்டு உம்மு ஜுரைஸ் எட்டிப் பார்த்தாள். "பாத்தீரா மித்கால், அதுகூடத் தலையாட்டுது. உமக்குத்தான் கழுத்துல இரும்பு!"

"தொழுகையைக் கேலி பண்ற சைத்தான் அது" என்றார் மித்கால். பள்ளிவாசல் பக்கம் அவரைப் பார்த்தவர்கள் யாருமில்லை. அது வேறு விஷயம். அன்றே கல்லெடுத்து ஒரே வீச்சில் அதைக் கொன்றார்.

பத்து நாள்கூட ஆகவில்லை, சுவரில் மூன்று இளவட்டங்கள். கிழம் இருந்தவரை கீழே அடிவாங்கிப் பதுங்கிக் கிடந்தவை. இப்போது சுவர் யாருக்கு என்று காலை முழுக்க ஒன்றைப் பார்த்து ஒன்று தலையாட்டின.

"ஒண்ணு போய் மூணாச்சா! இன்னும் கல்லெடும், முப்பது வரட்டும்" என்றாள் உம்மு ஜுரைஸ்.

மூன்றாம் நாள் மித்கால் பெரியவர்களைக் கூப்பிட்டார்.

அண்ணன் வீட்டில் காப்பி வந்தது. யாரும் தொடவில்லை. பெரியவர்கள் பேசி முடித்ததும், உள்ளிருந்து ஃபித்தா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சுவத்துல இருந்த கிழட்டு ஓணான் எங்க?"

மித்கால் காப்பிக் கோப்பையைப் பார்த்தார்.

"உம்மு ஜுரைஸ் சொன்னா. நான் நம்பல. இருபத்தோரு வருஷம் அந்த வீட்டுல பேசினேன். என் பேச்சுக்குத் தலையாட்டினது அது ஒண்ணுதான். அதையும் கொன்னுட்டீரு."

மித்காலின் தலை குனிந்தது. யாரும் கேட்காமலே குனிந்தது. அண்ணன்காரன் "கூட்டிட்டுப் போ" என்று சொல்லவில்லை. காப்பி அப்படியே ஆறியது.

அவர் வீடு திரும்பியபோது உச்சி வெயில். ஓணான்கள் மூன்றும் பொந்துக்குள் போய்விட்டிருந்தன; சுவரில் தலையாட்ட ஒன்றுகூட இல்லை.